ஷெல் காயம் என்று நான் சொன்ன தழும்பு

தம்பி,

நீ கொழும்பிலிருந்து போனுக்கு அனுப்பின பேச்சை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் மீன் காயவைக்கிற வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டே, ஒரு கையால். இரண்டாம் தரம் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு. மூன்றாம் தரம் வாசித்தது பிழை பிடிக்க. எப்படியிருக்கிறது, எப்படியிருக்கிறது என்று நீயும் நாளுக்கு நாலு தரம் கேட்கிறாய். அந்தச் சின்னத் திரையில் விரலால் குத்திக் குத்தி எழுத எனக்குப் பொறுமையில்லை, குரலில் சொல்லி அனுப்பினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும். அதனால் அக்காவின் பிள்ளை படம் கீறி மிச்சம் விட்ட கொப்பியில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அக்காவைக் கொண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவிப்பேன். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நெஞ்சில் வெட்டுத் தழும்போடு பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாய்க்கு இதைக் காட்ட விரும்பினாலும் காட்டு, எனக்கு மறுப்பில்லை. ஒளித்து ஒளித்துக் களைத்துப்போனேன்.

இன்னும் இரண்டு கிழமையில் விமானம் ஏறப்போகிறாய். உன்னைப் போலப் பிறக்கும்போதே இருதயத்தில் பழுதோடு பிறந்தவர்கள் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்து கூடுகிற இடத்தில், பெரிய பெரிய வைத்தியர்களுக்கு முன்னால், நோயாளிகளின் ஆளாக எழுந்து நின்று பேசப்போகிறாய். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தையில் ஒருதரம் நெஞ்சைத் திறந்து திருத்திவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதேயுங்கள், அந்தக் குழந்தைகள் வளர்ந்து, மீசை முளைத்து, பிள்ளை பெறுகிற வயதுக்கு வருகிறார்கள், அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஒவ்வொரு நாட்டிலும் ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வாசிக்க எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவில் வந்த ஒரு வசனத்தில்தான் கண் நின்றுவிட்டது. ‘எங்கள் மண்ணில் நடந்த போர் என்னை என் கிளினிக்கிலிருந்து பிரித்தது, அதனால்தான் என் இருதயம் இரண்டாம் முறையும் பழுதானது’ என்று எழுதியிருக்கிறாய். அது பொய், தம்பி. என்னை மறைக்கத்தான் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளைச் சபையில் வைத்துக் குறை சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அந்த மனத்துக்கு நன்றி. ஆனால் அந்த வசனத்தை வெட்டு. ஏன் வெட்டவேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன், அலுக்காமல் வாசி.

நீ பிறந்து கொஞ்ச நாளிலேயே உன் உதடு எப்போதும் நாவல்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல இருந்தது. அழுதால் இன்னும் கறுக்கும். நடக்கத் தொடங்கியதும் பத்து அடி நடப்பாய், பிறகு மண்ணில் குந்திவிடுவாய். கொஞ்ச நேரம் குந்தியிருந்து மூச்சு வாங்கி, எழும்பி இன்னொரு பத்து அடி. ஊர்ப் பிள்ளைகள் உனக்குக் குந்தன் என்று பட்டம் வைத்தார்கள். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார், வலை இழுக்கிற ஆட்கள் வள்ளத்து முதலாளி வருகிற மாதிரி ‘சம்மாட்டியார் வாறார்’ என்று உன்னைப் பகிடி பண்ணுவார்கள். சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில்தான் ஒரு வைத்தியர் உன் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குக் கடிதம் தந்தார். இருதயத்துக்குள்ளே ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியும் ஒடுக்கம் என்று சொன்னார்கள். உனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா வள்ளத்தின் இயந்திரத்தை விற்றுவிட்டு எங்களை பஸ் ஏற்றினார்.

கொழும்பில் உன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பிள்ளை. உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளின் கைநகத்தை நிமிர்த்திக் காட்டித்தான் கதைத்தோம். இன்றைக்கு நீலம் கூட, இன்றைக்குக் குறைவு. உன்னை அறைக்குள் கொண்டுபோய், நெஞ்சில் குழாயோடும் கட்டோடும் திரும்பக் கொண்டுவந்த பிறகு, மூன்றாம் நாள் உன் நகம் ரோஸ் நிறத்தில் இருந்தது. அந்த மனுசி என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொல்லிச் சிரித்தது. வீட்டுக்கு வருகிற நாள் ஒரு தமிழ் நேர்ஸ் வந்து என்னைக் கதிரையில் இருத்தி, இரண்டு தரம் சொன்னார். “அம்மா, இது முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. திருத்தித்தான் விட்டிருக்கு, புதுசா மாத்தேல்லை. வருஷா வருஷம் கொண்டுவரவேணும். பெரிய ஆளா வளந்தாலும் வரவேணும்.” நான் “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று தலையாட்டினேன். பாஷை விளங்காமல் விட்ட பிழை என்று நான் சொல்லமுடியாது. சுத்தமான தமிழில், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

பிறகு சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். நீ போரைப் பற்றிச் சொன்னதில் அந்தப் பகுதி உண்மை. உன்னுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பசளைப் பைக்குள் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தேன். சட்டி பானையை விட்டேன், தையல் மெசினை விட்டேன், அதை விடவில்லை. முள்ளிவாய்க்காலில் அப்பாவை விட்டுவிட்டு வந்தோம். வவுனியா முகாமில் ஒரு வைத்தியர் அந்தக் காகிதங்களைப் பார்த்து, ‘இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறீங்களே அம்மா’ என்று பாராட்டி, வெளியே போனதும் கட்டாயம் கிளினிக்குக் காட்டவேண்டும் என்று புதுக் கடிதமும் எழுதித் தந்தார். ஆகவே அதுவரை நான் நல்ல தாய்தான். அதை மட்டும் எனக்கு விட்டுவிடு.

கெட்டது அதற்குப் பிறகு, எல்லாம் அமைதியான பிறகு. ஊருக்குத் திரும்பி வந்து, நிவாரணத்தில் தந்த தகரத்தில் கொட்டில் போட்டு, நாயாற்றில் வாடியில் மீன் வெட்டப் போகத் தொடங்கினேன். அக்காவுக்கு இருபது வயது நெருங்கியிருந்தது. தகப்பன் இல்லாத பெட்டை, தாய் மீன் வெட்டுகிறவள், காணியில் ஒரு பனை கூட நிமிர்ந்து நிற்கவில்லை. அந்த நிலையில் ஒரு நல்ல சம்பந்தம் தானாக வந்தது. கோயிலில் அக்கா பாட்டுப் பாடுவதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். எங்களை முந்தித் தெரிந்த சனத்தில் பாதி இல்லை, மீதி வேறு இடங்களில் குடியேறிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் கதை தெரியாது. வந்தவர், வீட்டில் யார் யாருக்கு என்ன வருத்தம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர்களின் சொந்தத்தில் யாரோ ஒரு குடும்பத்தில் பெண் எடுத்து, பிறந்த பிள்ளை இருதய வருத்தத்தில் செத்துப்போனதாம். “இரத்தத்தில ஓடுற வருத்தம் எங்களுக்கு வேண்டாம், பிறகு ஆரைக் குற்றம் சொல்லுறது?” என்றார். அந்த நேரம் பார்த்து நீ கிணற்றடியில் குளித்துவிட்டு, மேலுக்குச் சட்டையில்லாமல், தலை துவட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாய். உனக்குப் பதின்மூன்று. தொண்டைக்குழியிலிருந்து வயிறுவரை அந்தக் கோடு.

“இது என்ன பிள்ளைக்கு?” என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை, தம்பி. இவ்வளவு நாளாக அதைத்தான் எனக்கே என்னில் விளங்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் ஒரு மூச்சு நேரமாவது தடக்கியிருப்பேன். “ஷெல்” என்றேன். “தேப்பனுக்குப் பட்ட அதே ஷெல்தான். உள்ளுக்குப் போன துண்டை வெட்டி எடுத்தவை.” அந்த மனுசி எழும்பி வந்து உன் ஈரத் தலையில் கை வைத்து, குமுறிக் குமுறி அழுதார். நீ என்னைப் பார்த்தாய். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தாள். இருதய வருத்தமுள்ள தம்பி என்றால் எழும்பிப் போயிருப்பார். ஷெல் பட்ட தம்பி என்றதும் அடுத்த கிழமையே நாள் குறிக்க வந்தார். எங்கள் ஊரில் ஷெல் காயத்தை யார் குறை சொல்லுவார்? எல்லா வீட்டிலும் ஒன்று கிடந்தது. அப்பாவின் சாவை எடுத்து உன் நெஞ்சில் ஒட்டி, அதை வைத்து அக்காவுக்குக் கல்யாணம் கட்டிவைத்தேன். வருஷம் தவறாமல் சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். வாயால் வந்த சின்னப் பொய்கள் எல்லாம் சொல்லியிருக்கிறேன், இதை ஒருநாளும் சொல்லவில்லை.

சொன்ன பொய்க்கு நாளாந்தம் சாப்பாடு போடவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஷெல் காயம் ஆறின பிள்ளைக்கு எதற்குக் கிளினிக்? கிளினிக் பஸ்ஸில் ஏறினால் சம்பந்தி வீட்டுச் சனம் யாராவது கண்டு, ‘எங்கே போறியள்’ என்று கேட்கும். ஆகவே முகாம் வைத்தியர் தந்த கடிதம் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் போனது. காயப்பட்ட பிள்ளைகளைப் பதிவு செய்ய ஒரு உத்தியோகத்தர் பெண் வந்தபோது அயல் எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டைக் கை காட்டியது. நான் உன்னைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவன் கடலுக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். நீ உள்ளே சிரிப்பை அடக்கமுடியாமல் சட்டியைத் தட்டிவிட்டாய். பூனை என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் நீ ஒரு நாள் கேட்டாயே, “அம்மா, கொழும்புக்கு எப்ப போறம்? வரச் சொன்னவை எல்லோ?” என்று. அதை நினைத்தால் வருவது சிரிப்பில்லை. “நீ இப்ப நல்லாத்தானே இருக்கிறாய், உதடும் சிவப்பாத்தானே கிடக்கு” என்றேன். உனக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது உண்மை போல ஆகிவிட்டது. பாதை திறந்து, பஸ் ஓடி, ஆஸ்பத்திரியில் வைத்தியர் இருந்த நாலு வருஷம். போரா உன்னைத் தடுத்தது? நான்தான் தடுத்தேன்.

பதினேழு வயதில் பள்ளிக்கூட மரதன் ஓட்டத்தில் விழுந்தாய். விளையாட்டு ஆசிரியரில் பிழையில்லை, அந்த மனுசன் உன்னிடம் கேட்டுத்தான் பெயர் எழுதியிருக்கிறார், ஷெல் காயம் ஆறிவிட்டது சேர் என்று நீ சொல்லியிருக்கிறாய். அம்புலன்ஸ் உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது ஒரு இளம் வைத்தியப் பெண் உன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அங்கேயும் ஷெல் என்றுதான் சொன்னேன். பார், மகன் மயங்கிக் கிடக்கிறான், அங்கேயும் அதைத்தான் சொன்னேன். அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டுப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டினார். நெஞ்செலும்பின் நடுவில் மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாகக் கம்பி வளையங்கள், கொழும்பில் எலும்பைச் சேர்த்துக் கட்டினவை. “அம்மா, ஷெல் துண்டு இப்பிடி வரிசையா முடிச்சுப் போட்டுக்கொண்டு நிக்குமோ?” என்று மெல்லக் கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நான் வீட்டுக்குப் போய் அலுமாரியிலிருந்து காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். வால்வு ஒழுகி ஒழுகி இருதயத்தின் வலப்பக்கம் பெருத்துவிட்டது என்று பிறகு பெரிய வைத்தியர் சொன்னார். வருஷா வருஷம் பார்த்திருந்தால் நேரத்துக்கு மாற்றியிருக்கலாம், இனி வால்வை மாற்றினாலும் பெருத்தது முழுதாகத் திரும்பாது. இன்றைக்கு நீ இரண்டு வேளையும் போடுகிற குளிசை, மாடிப்படியில் நின்று நின்று ஏறுவது, திடீரென்று தாளம் தப்புகிற நெஞ்சு எல்லாம் அந்த நாலு வருஷத்தின் வேலை.

அப்போதாவது சம்பந்தி வீட்டுக்கு உண்மையைச் சொன்னேனா? இல்லை. ஷெல் துண்டு நகர்ந்து இருதயத்தில் முட்டிவிட்டது, அதற்குத்தான் இரண்டாம் ஒப்பரேசன் என்றேன். அவர் உனக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு போனைத் தட்டித் தட்டி உன்னைப் போல ஆட்களைத் தேடிப் பிடித்தாய். எந்தெந்த நாடோ, எந்தெந்த நிறமோ, எல்லோருக்கும் அதே கோடு. ஒருநாள் என்னையும் பக்கத்தில் இருத்தி, திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களைக் காட்டினாய். அன்றைக்கு அவர்களுக்குப் பேச்சு, சின்ன வயதில் வீட்டில் இந்தத் தழும்புக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது. ஒருத்தியின் தாய் மரத்தால் விழுந்தது என்றாளாம். ஒருவனுக்குச் சுடுதண்ணி. இன்னொருத்திக்கு நாய் கடித்தது. நீ எனக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ உன் முறை வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு ஒன்றும் சொல்லவில்லை’ என்று முடித்துவிட்டாய். நானும் அவர்களோடு சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் நின்று அழுதேன். உலகம் முழுக்க என்னைப் போல இத்தனை பேரா என்று ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வளர்ந்த இருதய நோயாளருக்கு எங்கள் மாவட்டத்திலேயே மாதத்தில் ஒரு நாள் கிளினிக் வேண்டும் என்று நீ ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடிதம் கொடுத்தாய், போட்டோப் பிரதி கொடுத்தாய், கையெழுத்து வாங்கினாய், மேலிடம் மாறிவிட்டது என்றார்கள், மறுபடி கொடுத்தாய். ஒரு அதிகாரி கேட்டார், இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், பட்டியல் கொண்டுவா என்று. நியாயமான கேள்விதான். நீ மோட்டார் சைக்கிளில் துணுக்காய் வரைக்கும் வீடு வீடாகப் போனாய். நெஞ்சில் வெட்டோடு பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்க, தாய்மார் வாசலில் நின்று ‘எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை’ என்று அனுப்பினார்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வெயிலில் கறுத்து, மூச்சு வாங்க வந்து கதிரையில் விழுந்து, “இந்த அம்மாமார் ஏன் இப்பிடிச் செய்யினம்?” என்று கத்தினாய். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாய். அன்றைக்கு நீ கேட்டிருக்கலாம். நானும் பதில் சொல்லியிருக்கலாம். சோறு போடவா என்றுதான் கேட்டேன்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் அக்காவின் பிள்ளையை, கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த அந்த ஒற்றைப் பிள்ளையை, முன்பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிற கிளினிக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன், சம்பந்தி அம்மாவும் வந்தார். வைத்தியர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். “நெஞ்சில ஒரு சத்தம் கேக்குது. கன பிள்ளையளுக்கு இது ஒண்டும் செய்யாது. குடும்பத்தில ஆருக்கும் பிறவியில இருதய வருத்தம் இருக்கோ?” என்று கேட்டார். அக்கா ஒருதரம் மாமியைப் பார்த்தாள். “இல்லை டொக்டர்” என்றாள். “அப்ப அவசரமில்லை, ஆறு மாதத்தில திரும்பப் பாப்பம்” என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குசினிக்குள் அக்காவைத் தனியே பிடித்து, ஏன் பிள்ளை அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “நீங்கள் சொல்லித் தந்ததைத்தானே அம்மா சொன்னனான்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு நாலு கிழமை எனக்கு நல்ல நித்திரையில்லை. அந்த நேரத்தில்தான் உன் பேச்சு வந்தது, போர் உன்னைப் பிரித்தது என்று. மூன்று தலைமுறையாக இந்தப் பொய்யை எல்லோரும் எனக்காகத் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்துச் சொல்லுவோம் என்று பார்த்தேன், குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பிறந்ததிலிருந்து தொடங்கி, கொழும்பு, கிணற்றடி, எக்ஸ்ரே என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். எழும்பிப் போ என்பார், மகளைத் திருப்பி அனுப்புவேன் என்பார், என்னென்னவோ எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவரோ, “அப்ப, அண்டைக்கு நான் அழுதது?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. “உங்கட பெடியனைப் பிடிச்சுக்கொண்டு அழுதனான் எல்லோ. என்ர ரெண்டாவதுக்கும் நெஞ்சிலதான் பட்டது. அவன்ர தலை எண்டு நினைச்செல்லோ கை வைச்சனான்.” தம்பி, அவருக்கு இரண்டாவதாக ஒரு மகன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும், அவன் எப்படிப் போனான் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் பொய்யைக் காக்கிற அவதியில் அந்தப் பக்கமே போகவில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பேத்தியின் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “எழுதுங்கோ. டொக்டருக்கு விளங்கிற மாதிரி எல்லாத்தையும் எழுதுங்கோ” என்றார்.

எழுதினேன். அடுத்த கிளினிக் நாள் மூன்று பெண்களும் பிள்ளையோடு போனோம். வைத்தியர் வாசித்துவிட்டு, இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் என்றது போய், ஸ்கான் எடுக்க யாழ்ப்பாணத்துக்குத் திகதி தந்திருக்கிறார், நீ போய்ச் சேர்ந்த கிழமையில் வருகிறது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் நேரத்துக்குப் பார்க்கிறோம். சம்பந்தி அம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. பஸ்ஸில் “பிள்ளைக்குத் தண்ணி குடுங்கோ” என்றதோடு சரி. கதைப்பார் என்று எனக்கு நிச்சயமில்லை, கதைக்கவேண்டும் என்று கேட்க எனக்கு முகமும் இல்லை. மருமகன் தன் போக்கில் கடலுக்குப் போய் வருகிறார். அக்கா மட்டும் இரண்டு நாளாக வாய்க்குள் பாட்டுப் படித்துக்கொண்டு வேலை செய்கிறாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன் தெரியுமா?

ஆகவே இனி உன் விஷயம். அங்கே குளிர் என்கிறார்கள், உள்பனியனைப் பெட்டிக்குள் வைக்காமல் போட்டுக்கொண்டு போ. குளிசைகளைக் கைப்பையில் வை. பிளேனில் ஒரே இடத்தில் இருக்காமல் எழும்பி நட, உன் வைத்தியர் சொன்னதுதான். உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அக்கா மூலம் கேள்விப்பட்டேன், என்னிடம் ஒளிக்க உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தானே. இனிச் சந்திக்கிற முதல் நாளே அவளிடம் உன் இருதயத்தின் கதையைச் சொல். அந்தப் பெண்ணின் தாய் எழும்பிப் போனால் போகட்டும், நாங்கள் கதிரையை எடுத்து உள்ளே வைப்போம். வாசலில் நின்று ‘இல்லை’ என்று சொல்லுகிற தாய்மாரில் இனிக் கோபப்படாதே. அவர்களிடம் நீ தனியே போனால் சொல்லமாட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு முழங்கால் நோகிறதுதான், வாடி வேலைக்குப் பிறகு நிமிரவே முடிவதில்லை, ஆனால் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்க என்னால் முடியும். நான் என்ன செய்தேன் என்று அவர்களுக்குச் சொன்னால் அவர்கள் உனக்குச் சொல்லுவார்கள். அந்த அதிகாரி கேட்ட பட்டியலை அப்படித்தான் நிரப்பலாம்.

போர்தான் காரணம் என்று நீ அந்தச் சபையில் சொன்னால் எல்லோருக்கும் கண் கலங்கும், கை தட்டுவார்கள், தங்கள் நாட்டில் போர் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மரத்தால் விழுந்தது, நாய் கடித்தது என்று சொன்ன தாய்மார் ஒருத்தியும் தன் அலுமாரியைத் திறக்கமாட்டாள். தகப்பன் இல்லாத குடும்பம், பெட்டைக்குக் கல்யாணம் என்று எனக்காக நியாயம் அடுக்கவும் வேண்டாம், அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல், என் குரல் எப்படியோ அப்படியே சொல். சொல்லும்போது தலை குனியாதே. சம்பந்தி அம்மாவிடம் சொல்லியாயிற்று, இனி எனக்கு முகம் கொடுக்கப் பயமான மனிசர் உலகத்தில் யாரும் இல்லை. போரைப் பற்றிச் சொல்லவும் எங்களிடம் நிறைய இருக்கிறது, அப்பாவைப் பற்றி, சம்பந்தி அம்மாவின் இரண்டாவது மகனைப் பற்றி. அதை அதற்குரிய இடத்தில் சொல்லுவோம். இந்த மேடையில் என்னைச் சொல்.

அம்மா